கச்சான் காற்றில் நிற்கும் மணம்

மட்டக்களப்பில் பிறக்கும் பிள்ளைகளில் அநேகருக்கு முதல் மணம் ஒன்றுதான். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வருமுன்பே தலைமாட்டில் ஒரு பேபி கொலோன் போத்தல் வந்துவிடும். ‘பேபி செரமி’ இல்லாவிட்டால் அதன் போட்டிக் கம்பனிச் சரக்கு. குளிக்க வார்த்து, சாம்பிராணிப் புகை காட்டி, சட்டையில் இரண்டு சொட்டுத் தடவித்தான் பார்க்க வந்தவர் கையில் கொடுப்பார்கள். காய்ச்சல் என்றால் நெற்றியில் ஓடிக்கொலோன் நனைத்த துணி. பள்ளிக்கூட வயதில் கழுத்தில் வெள்ளைத் திட்டாகப் பவுடர். சாமத்திய வீட்டில் சந்தனமும் பன்னீரும். பிறகு கட்டாரிலிருந்து வரும் மாமா பெட்டியைப் பிரித்து ஆளுக்கொரு ஸ்ப்ரே நீட்டுவார். இருபத்தைந்து வயதாகும்போது அந்த உடம்பு எத்தனையோ மணங்களைச் சுமந்திருக்கும். அவற்றில் ஒன்றைக்கூட அது தானாகக் கேட்டு வாங்கியிருக்காது.

இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். வங்கியில் புதிதாகச் சேர்ந்த பெண், கல்யாணத்துக்கு நாள் வைத்த பையன், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்வரும் இளையவர்கள் என்று பலருக்கும் ‘இது இவருடைய வாசம்’ என்று மற்றவர் சொல்லும்படி ஒன்று வேண்டியிருக்கிறது. ‘சிக்னேச்சர் பெர்பியூம்’ என்ற சொல்லும் கைபேசி வழியாக ஊருக்குள் வந்துவிட்டது. துபாயிலும் லண்டனிலும் இருந்துகொண்டு சிறந்த பத்துப் போத்தல்களை அடுக்கிக் காட்டுகிறவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த ஆலோசனைகள் எல்லாம் குளிரூட்டிய அறையிலிருந்து வருபவை. நாம் கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். போத்தலின் பெயரைவிட இந்த வித்தியாசம்தான் பெரிது.

செங்கலடிப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம்வரை சுமார் 56 கிலோமீட்டர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது. கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் நடுவில் எழுவான்கரை. மேற்கே வயலும் மேய்ச்சல் தரையுமாகப் படுவான்கரை. வைகாசிக்குப் பிறகு தென்மேல் பருவக்காற்று தன் ஈரத்தை மலைநாட்டிலேயே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் கச்சானாக வறண்டு சுட்டுக்கொண்டு இறங்கும். வெயில் 33, 34 பாகைக்கு ஏறும். கார்த்திகை, மார்கழியில் நிலைமை தலைகீழ்: வாடைக்காற்று, மாரி மழை, நாலு நாளாகக் காயாத உடுப்பு. ஒரே போத்தல் இந்த இரண்டு காலத்திலும் ஒரே மாதிரி மணக்காது.

பெர்பியூம் என்பது வெவ்வேறு வேகத்தில் ஆவியாகும் பொருள்களின் கூட்டு. எலுமிச்சை, தோடை, பெர்கமொட் போன்ற புளிப்பு மணங்கள் முதல் கால் மணி நேரத்தில் பறந்துவிடும். மல்லிகை, ரோஜா, ஏலம், கறுவா எல்லாம் அதன்பின் சில மணி நேரம் நிற்கும். சந்தனம், வனிலா, கஸ்தூரி, ஊத் ஆகியவை அடியில் தங்கிக் கடைசிவரை வரும். வெப்பம் கூடக் கூட எல்லாமே வேகமாக எழும்பும். எலுமிச்சை போன இடம் தெரியாது; இனிப்பு மணங்களோ ஒன்றாகக் கிளம்பி ஆளை மூடும். ஐரோப்பியக் குளிர்காலத்தை நினைத்துச் செய்த வனிலா, கரமெல் பெர்பியூம் ஒன்றை நடுப்பகலில் பூசிக்கொண்டு கல்முனை பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். தொதல் கிண்டும் தாச்சிக்குள் தலையை விட்டது போலிருக்கும், பூசியவருக்கல்ல, பக்கத்தில் இருப்பவருக்கு.

அதனால்தான் இங்கே ‘எது நல்ல பெர்பியூம்’ என்ற கேள்வியே பிழையான இடத்தில் தொடங்குகிறது. எந்தத் தோலில், எந்த மாதத்தில், எத்தனை பேருக்கு நடுவில் என்று கேட்க வேண்டும். இதைக் கேட்டுப் பழகிய இடம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

காத்தான்குடிக் கண்ணாடிப் பெட்டி

கல்லடி தாண்டித் தெற்கே கல்முனை வீதியில் போகும்போது, தெருவின் நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கத் தொடங்கினால் காத்தான்குடி வந்துவிட்டது. தொப்பி, ஜுப்பா, தஸ்பீஹ் மணி, பேரீச்சம்பழம் ஆகியவற்றோடு அத்தரும் விற்பனைக்கு இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் 3 மில்லி, 6 மில்லி, 12 மில்லிப் போத்தல்கள். 12 மில்லியைப் பழைய ஆட்கள் ஒரு தோலா என்பார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் பெருநாள் தொழுகைக்கும் குளித்து, இருப்பதில் நல்லதை உடுத்து, மணம் பூசிப் போவது நபிவழி. அல்ககோல் கலந்த ஸ்ப்ரே கூடுமா கூடாதா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே இரண்டு கருத்து உண்டு. எண்ணெயான அத்தருக்கு அந்த வில்லங்கம் இல்லை.

விவரம் தெரிந்த அத்தர்க்காரர் போத்தலை மூக்கருகே நீட்ட மாட்டார். கண்ணாடிக் குச்சியால் புறங்கையில் ஒரு கோடு இழுப்பார். ‘இப்ப சொல்லாதீங்க தம்பி, கடத்தெருவச் சுத்திட்டு வாங்க’ என்பார். கொழும்பில் பெரிய கடைகளில் காகிதப் பட்டையில் தெளித்துத் தருவார்களே, அதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். காகிதத்துக்கு உடம்புச் சூடு இல்லை, வியர்வையும் இல்லை. பட்டையில் மணப்பது போத்தல். நீங்கள் வாங்கப் போவது உங்கள் தோலும் போத்தலும் சேர்ந்து உண்டாக்கும் மூன்றாவது மணத்தை.

இது வெறும் கடைப்பேச்சல்ல. பிராக் நகரின் சார்ல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆண்கள் சிலர் ஒரு அக்குளில் தாங்களே வழக்கமாகப் பாவிக்கும் பெர்பியூமையும், மறு அக்குளில் ஆய்வாளர் கொடுத்த பெர்பியூமையும் பூசிக்கொண்டார்கள். பெர்பியூமை மட்டும் தனியாக முகர்ந்தபோது இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. உடம்பு மணத்தோடு கலந்த பிறகு, அவரவர் தாமாகத் தெரிவு செய்ததுதான் மற்றவர் மூக்குக்கு இதமாக இருந்தது. மூக்கு தன் உடம்புக்கு எது சேரும் என்பதை எப்படியோ அறிந்து வைத்திருக்கிறது. மாமா கொண்டுவந்த ஸ்ப்ரே எவ்வளவு விலையானாலும் நம்மில் ஒட்டாமல் நிற்பதன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு முறைக்கு மூன்று மணத்துக்கு மேல் போகக் கூடாது, மூக்கு களைத்துவிடும். நடுநடுவே கோப்பிக் கொட்டையை முகரச் சொல்லும் கடைகள் உண்டு. அது அழகான சடங்கு, அவ்வளவுதான். 2011இல் அமெரிக்காவின் பெலோயிட் கல்லூரியில் இதைச் சோதித்தார்கள். கோப்பிக்கும் வெறுங்காற்றுக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. கடைக்கு வெளியே வந்து நின்றால் போதும். வாவிப் பக்கக் காற்று இலவசம்.

குப்பிக்குள் உண்மையில் என்ன?

அத்தரின் பிறப்பிடமாக எல்லாரும் சொல்வது உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் ஊரை. அங்கே இன்றும் ‘தேக்’ எனும் செம்புப் பானையில் பூவும் தண்ணீரும் இட்டு, களிமண்ணால் வாயை மெழுகி, விறகுத் தீயில் காய்ச்சுகிறார்கள். மூங்கில் குழாய் வழியாக வரும் ஆவி, தண்ணீருக்குள் அமிழ்ந்த ‘பப்கா’ எனும் பாத்திரத்தில் ஏற்கெனவே உள்ள சந்தன எண்ணெயில் இறங்கும். நாள்கணக்கில் புதுப்புதுப் பூவைப் போட்டுத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால்தான் அந்தச் சந்தனம் பூவின் மணத்தை முழுதாக ஏற்கும்.

இதைப் படித்துவிட்டு நம் ஊர்க் கண்ணாடிப் பெட்டியில் இருப்பதெல்லாம் அப்படிச் செய்தது என்று நினைக்க வேண்டாம். சந்தன எண்ணெய் விற்கும் விலைக்கு, சில நூறு ரூபாய்க் குப்பியில் அது இருக்க வழியே இல்லை. மலிவான அத்தர்களில் பெரும்பாலானவை ஆய்வுகூடத்தில் செய்த மணப்பொருள்களை மணமற்ற கரைப்பானில் கலந்தவை. இது குற்றமல்ல. பாரிஸின் பெரிய பெர்பியூம் கம்பனிகளும் அதைத்தான் செய்கின்றன. இங்கே அதிகம் கேட்கப்படும் ‘வைட் மஸ்க்’ முழுவதும் செயற்கை. கஸ்தூரி மானைக் கொல்லாமல் கஸ்தூரி மணம் கிடைக்கத் தொடங்கியது 1888இல். ஜெர்மனியின் அல்பர்ட் பவுர் வெடிமருந்து தேடிப்போய்த் தற்செயலாக இனிய மணமுள்ள சேர்மம் ஒன்றைக் கண்டார். மான்கள் அவருக்குக் கடன்பட்டவை. ‘ஒரிஜினல் கஸ்தூரி’ என்று யாராவது காதோடு காதாகச் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஊத் கதை கொஞ்சம் கசப்பானது. அகில் மரத்தில் காயம்பட்டுப் பூஞ்சை தொற்றியபின் உள்ளே ஊறும் பிசின்தான் ஊத். இலங்கையின் ஈரவலயத்தில் ‘வல்லபட்ட’ என்று ஒரு மரம் உண்டு. நார் உரிக்கவும் விறகுக்கும் தவிர யாரும் கணக்கெடுக்காத மரம். அதிலும் அகில் வகைப் பிசின் இருக்கிறது என்பது 2012ஐ ஒட்டி வெளியே தெரிந்ததும் காடுகளில் கோடரி இறங்கியது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் பயணப் பைகளில் சீவல் சீவலாகப் பிடிபட்டது. அதை அனுமதியின்றி வெட்டுவதும் கொண்டு செல்வதும் சட்டப்படி குற்றம். ‘உள்ளூர் ஊத் சீவல்’ என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காமல் விடுவதே நல்லது.

வளைகுடாவின் பெயர்பெற்ற அஜ்மல் பெர்பியூம் நிறுவனத்தைத் தொடங்கியவர் அரபியர் அல்லர். அசாமில் நெல் விவசாயியாக இருந்த ஹாஜி அஜ்மல் அலி, 1951இல் மும்பைக்கு வந்து அகில் வியாபாரத்தில் கால் வைத்தவர். படுவான்கரைப் போடியார்மார் கேட்டால் பெருமூச்சு விடக்கூடும்.

நம் கரையிலும் மூலப்பொருள் இல்லாமல் இல்லை. வாவியோரத்திலும் கடற்கரையிலும் நிற்கும் தாழை அதில் ஒன்று. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் இதே தாழையின் ஆண் பூவிலிருந்துதான் ‘கேவ்ரா’ அத்தர் வடிக்கிறார்கள். வட இந்தியப் பிரியாணியில் வரும் மணமும் அதுவே. இங்கே தாழம்பூவுக்கு இரண்டு தடை: சிவனுக்கு ஆகாது என்ற புராணம், புதருக்குள் பாம்பு இருக்கும் என்ற பயம். மாமாங்கேஸ்வரருக்கு வைக்க முடியாவிட்டால் என்ன, மணிக்கட்டில் வைக்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. கேவ்ரா கூரான மணம். ஊசி முனையளவு போதும்.

வெயில் முடிந்து முதல் மழை வயலில் விழும்போது எழும் மண் மணத்தை விரும்பாதவர் யார்? கன்னோஜில் அதையும் குப்பியில் அடைக்கிறார்கள். சுட்ட களிமண்ணைக் காய்ச்சிச் சந்தன எண்ணெயில் இறக்கிய ‘மிட்டி அத்தர்’ அது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் எனும் பொருள்தான் அந்த மணத்தின் பெரிய பங்கு. மனித மூக்கு அதை நம்ப முடியாத அளவு சிறு துளியிலும் கண்டுபிடித்துவிடும். புரட்டாதியில் மழைக்கு ஏங்கும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான தனி அடையாளம் எனக்குத் தோன்றவில்லை. கடைகளில் எளிதில் கிடைக்காது என்பதுதான் குறை.

மாதவி குளித்த தண்ணீர்

ஒரு மணத்தின் மேல் இன்னொன்றைப் பூசி, தனக்கே உரிய கலவையை உண்டாக்குவதை இன்று ‘லேயரிங்’ என்று புது நாகரிகமாக விற்கிறார்கள். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையைத் திறந்து பாருங்கள். மாதவி குளிக்கும் தண்ணீரில் பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறியிருக்கின்றன. அந்த ஐந்து விரை கோட்டம், துருக்கம், தகரம், அகில், சந்தனம் என்று உரைகாரர் பட்டியல் தருகிறார். குளித்தபின் கூந்தலை அகில் புகையில் உலர்த்தி, கஸ்தூரிக் குழம்பு பூசுகிறாள். நீரில் ஒன்று, புகையில் ஒன்று, குழம்பில் ஒன்று. கூந்தலில் மணம் தோலைவிட நெடுநேரம் நிற்கும் என்பதையும் அவள் அறிந்திருக்கிறாள்.

செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் என்று ஊருக்கு ஊர் கண்ணகிக்குக் கோயில் எடுத்து, வைகாசியில் வழக்குரை பாடிக் குளிர்த்தி செய்யும் நாட்டில் மாதவியின் சிங்காரத்தைப் புகழ்வது சிலருக்கு உறுத்தலாம். அம்மன் மன்னிப்பாள். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் அதே சிலம்பின் அரங்கேற்று காதையிலிருந்து பழைய யாழ்களை மீட்டு, 1947இல் யாழ் நூலாகத் தந்தார். கடலாடு காதையின் மணப் பட்டியலை எடுத்துக்கொண்டு அதே உழைப்பைச் செலவிட இன்னொருவர் வந்தால் படிக்க ஆசை.

மாதவியின் முறை இன்றைக்கும் உதவும். குளித்துத் துவட்டியதும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். வறண்ட தோலில் மணம் தங்காது. அதன்மேல் சந்தன அத்தர் ஒரு தொடு. உடுப்பில் இலேசாக ஒரு ஸ்ப்ரே. மூன்றும் ஒன்றையொன்று அடிக்காமல் இருந்தால், எந்தக் கடையிலும் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது. ஊத் அத்தரை வெள்ளைச் சட்டையில் மட்டும் வைக்காதீர்கள். மஞ்சள் கறை சவர்க்காரத்துக்கும் அசையாது. நாரத்தை வகை எண்ணெய்களைத் தோலில் பூசி வெயிலில் போவதும் ஆபத்து. பெர்கமொட்டிலுள்ள பெர்காப்டென் சூரிய ஒளி பட்டதும் தோலைக் கருக்கி, கழுத்தில் வழிந்த தடம்போலத் திட்டு விடும். பெரிய கம்பனிகள் அதை நீக்கிய எண்ணெயைப் பாவிக்கின்றன. ‘நூறு வீதம் இயற்கை’ என்று லேபல் ஒட்டிய வீட்டுத் தயாரிப்பைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

வளைகுடாப் பெட்டியை இங்கே குறைத்துச் சொல்லிவிட முடியாது. 1980கள் முதல் இந்தக் கரையின் எத்தனையோ வீடுகளிலிருந்து பெண்கள் பணிப்பெண்களாகப் போனார்கள். ஆண்கள் சாரதிகளாகவும் கட்டட வேலைக்கும் போனார்கள். அவர்கள் அனுப்பிய பெட்டியைத் திறந்ததும் வரும் அந்தக் கலவை மணம், ஊத்தும் சவர்க்காரமும் பால்மாவும் சேர்ந்தது, ஒரு தலைமுறைக்கே பெருநாள் மணம். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறியபோதும், அந்த ஓகஸ்டில் அரசு 300க்கு மேற்பட்ட பொருள்களின் இறக்குமதியை நிறுத்திப் பெர்பியூமையும் அந்தப் பட்டியலில் போட்டபோதும், பலருக்குக் கைகொடுத்தது அந்தப் பெட்டிதான். அந்த நெருக்கடியில்தான் பிரெஞ்சுப் போத்தலுக்குப் பழகிய சிலர் முதல்முறையாக அத்தர்ப் பக்கம் திரும்பியிருப்பார்கள். வளைகுடாக் கம்பனிகளின் ‘இன்னதைப் போல மணக்கும்’ போத்தல்களுக்கும் இளைஞர்களிடம் மவுசு. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் ஊரில் பாதிப் பேர் அதையே அடித்துக்கொண்டு திரியும்போது, தனி அடையாளம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

போத்தலில் எழுதியிருக்கும் சொற்களில் ஒன்று மட்டும் பயன்படும், செறிவு. கொலோன் என்றால் மணப்பொருள் ஏறத்தாழ 2 முதல் 5 வீதம், ஓ டி டொய்லெட் 5 முதல் 15, ஓ டி பெர்பியூம் 15 முதல் 20, பர்ஃபம் அதற்கு மேல். இவை வழக்கு, சட்டமல்ல. கச்சான் காலத்துக்கு டொய்லெட் செறிவில் வெட்டிவேர், நெரோலி, தேயிலை மணங்கள்; மாரிக்குச் சந்தனம், அம்பர், மென்மையான ஊத். ஒரே அடையாளம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் வெட்டிவேரையோ சந்தனத்தையோ பிடித்துக்கொள்ளட்டும். இரண்டு காலத்திலும் கெட்டுப்போகாத மணங்கள் அவை.

எவ்வளவு பூசுவது? இதில்தான் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஒரே மணத்தை நாள்தோறும் பூசினால் சொந்த மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிடும். போத்தல் பலம் குறைந்துவிட்டது என்று நினைத்து அளவைக் கூட்டுவார்கள். வகுப்பறையில் பிள்ளைகள் தும்முவார்கள். சில கஸ்தூரி மணங்கள் சிலருடைய மூக்குக்குப் பிறவியிலேயே எட்டாது; அவர்களுக்கு அளவு தெரியவே தெரியாது. வீட்டில் கூச்சப்படாமல் உண்மை சொல்லும் ஒருவரிடம், பெரும்பாலும் தங்கச்சியிடம், கேட்பதே வழி. ஆஸ்பத்திரி, பரீட்சை மண்டபம், நெரிசலான பஸ் ஆகியவற்றுக்கு ஒரு தொடுகூட அதிகம்.

அந்நிய ஆண்கள் நடுவே மணம் வீசிப் போகக் கூடாது என்ற ஒழுக்கத்தைக் கடைப்பிடிக்கும் முஸ்லிம் பெண்களுக்கு வாசனை வீட்டுக்குள் உரியது. நெருப்புத் தணலில் பகூர் போட்டு, திரைச்சீலைக்கும் தலையணைக்கும் கழுவிக் காய்ந்த உடுப்புக்கும் புகை ஏற்றி வைப்பார்கள். வாசலில் காலை வைத்ததுமே இது இன்னார் வீடு என்று விளங்கும். ஆளுக்கொரு மணம் என்ற பேச்சு வருமுன்பே வீட்டுக்கொரு மணம் இருந்திருக்கிறது. எனக்கு அதுதான் கூடுதல் பிடித்த அடையாளம்.

வாங்க முடிவெடுத்தாலும் முதலில் 3 மில்லிதான் வாங்குங்கள். கச்சானில் சில நாள், மழையில் சில நாள் பாவித்துப் பாருங்கள். ஒரு கல்யாண வீட்டு நெரிசலுக்கும் போய் வாருங்கள். பிறகு பெரிய போத்தல். அதைக் கண்ணாடி மேசையில் வெயில் படும்படி வைக்காமல் அலுமாரிக்குள் பெட்டியோடு வையுங்கள். ஒளியும் சூடும் மணத்தைத் திரித்துவிடும். பல வருடம் ஒன்றையே பாவிப்பவர்கள் இன்னொன்றுக்கும் தயாராக இருக்க வேண்டும். கம்பனிகள் சொல்லாமல் சேர்மானத்தை மாற்றுவதுண்டு. பல பெர்பியூம்களில் பூ மணம் தந்த லிலியால் என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சில் தடை செய்தது. அதன்பின் எத்தனையோ பழைய பெயர்கள் புதுச் சேர்மானத்தோடு வெளிவந்தன. அத்தர்க் கடையிலும் கலவைக்காரர் மாறினால் மணம் மாறும். அதனால் பழைய போத்தல் முடியுமுன் கடைசிச் சொட்டுகளை விட்டுவைத்து, புதியதை மறுகையில் பூசி, ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் முகர்ந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.